பிள்ளைத் துணிகள்

குழந்தையின் காலில் குத்தியிருந்த ஊசி வழியாக யாரோ முகம் தெரியாத ஒருவருடைய ரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. பெரியவள் கட்டிலின் கால்மாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இது இரண்டாவது தடவை. முதல் தடவை குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தபோது வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுது தீர்த்தாள். இந்தத் தடவை கண்ணில் பொட்டுத் தண்ணீர் வரவில்லை. ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, கிள்ளினால்கூட யார் காலோ என்று கிடக்குமே, அப்படி ஆள் மொத்தமாக மரத்துக் கிடந்தாள். நர்ஸ் வந்து தள்ளி உட்காரச் சொன்னால் தள்ளி உட்கார்ந்தாள். பிளாஸ்க்கைப் பிடிக்கச் சொன்னால் பிடித்துக்கொண்டாள்.

குழந்தை அவளுடையதில்லை, தங்கையுடையது. சின்னவளுக்குக் கல்யாணமாகி, இனி இல்லை என்று ஊரே முடிவு கட்டிய பிறகு பிறந்த பையன். பிறந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்து வெகு நாளாயிற்று. அதனால் பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் வைப்பதிலிருந்து குழந்தையைக் குளிப்பாட்டுவதுவரை எல்லாமே பெரியவள் தலையில்தான். யாரும் சுமத்தவில்லை, அவளாகவே எடுத்துப் போட்டுக்கொண்டாள். தங்கை புருஷன் லிப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். நாளெல்லாம் எந்தக் கட்டடத்திலாவது மேலேயும் கீழேயும் போய்க்கொண்டிருப்பார், வீட்டில் இருக்கும் நேரம் குறைவு. லிப்ட்காரர் என்றுதான் தெருவில் எல்லோரும் சொல்வார்கள். நல்ல மனுஷன், பொய் மட்டும் சொல்ல வராது.

பெரியவள் வேலை பார்ப்பது உடைகளை வாடகைக்கு விடும் கடையில். கல்யாணக் கோட்டு, தரையைப் பெருக்கிக்கொண்டு போகும் கவுன், மேடையில் ராஜா போடுகிற அங்கி, எல்லாம் அங்கே உண்டு. முன்பக்கம் கண்ணாடியும் விளக்கும் பளபளப்புமாக இருக்கும். பின்பக்கத்து அறையில் ஜன்னல் கிடையாது. அங்கே நின்று திரும்பி வந்த துணிகளை இஸ்திரி போட்டு மடித்து அடுக்குவது அவள் வேலை. அவள் மடித்த கோட்டை எடுத்துக் கத்தி தீட்டலாம் என்று முதலாளி கிண்டல் செய்வார். கடையில் அவளுக்குப் பெயரே மடிப்பக்கா. துணியைத் தின்ன வரும் பூச்சிக்கும் கரப்பானுக்கும் அந்தக் கடையில் ஒரே பதில் அந்துருண்டை. வெள்ளை வெளேரென்று மிட்டாய் மாதிரி மூட்டையில் வரும். ஒவ்வொரு கோட்டுப் பையிலும் இரண்டு, ஒவ்வொரு தட்டிலும் ஒரு கை. புதிதாக வருகிறவர்கள் பின்கதவுப் பக்கம் வந்தாலே மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்கும் தலைவலி மண்டையைப் பிளந்தது. அப்புறம் மூக்கு சமாதானமாகிவிட்டது. இப்போது அந்த வாசனையைப் பொறுத்தவரை அவளுக்கு மூக்கு இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

அவளுக்கும் ஒரு பையன் பிறந்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை. கர்ப்பமாக இருந்தபோதே கடையில் மிஞ்சிய மெல்லிய துணிகளைக் கேட்டு வாங்கி, சட்டை, தொப்பி, கால்மூடி என்று தானே வெட்டித் தைத்து வைத்தாள். வீட்டில் கரப்பான் தொல்லை. பிள்ளைத் துணியில் ஓட்டை விழுந்துவிடக் கூடாதே என்று அந்துருண்டை போட்டு வைத்தாள், தொட்டில் மெத்தைக்கு அடியிலும் நாலைந்து வைத்தாள். பையன் பிறந்தான், நன்றாகத்தான் பால் குடித்தான். கொஞ்ச நாளில் கண் மஞ்சளாயிற்று. சிறுநீர் நனைத்த ஈரத்துணியில் டீக்கறை மாதிரி கறை பட்டது. பால் குடிக்க மறுத்தான், உடம்பை வில்லாக வளைத்தான், இரண்டு வாரம்கூட நிறையாமல் போய்விட்டான். காமாலை என்றார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி உட்கார்ந்து ஆராய்ச்சி செய்து, தாய்ப்பால் சேரவில்லை என்று தீர்ப்பு எழுதினார்கள். புருஷனும் அதை நம்பினான். அவன் இரண்டு வருஷம் அவளோடு இருந்துவிட்டு, வேலை தேடிப் போகிறேன் என்று போனவன் போனவன்தான். பையன் போன பிறகும் பால் நிற்கவில்லை. அதைக் குளியலறையில் பிழிந்து கொட்டும்போதெல்லாம் விஷத்தைக் கொட்டுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு கொட்டுவாள்.

அதற்கப்புறம் யாராவது, எத்தனை பிள்ளைகள் என்று அவளைக் கேட்டால் சின்னவள் முந்திக்கொண்டு, அவளுக்கு இல்லை என்று சொல்லிவிடுவாள். அக்காவைக் காப்பாற்றுகிற நினைப்பு. பெரியவளும் தலையை ஆட்டிவிடுவாள். நாளடைவில் அதுவே பழகிப்போய், கேட்கிறவர்களுக்கு அவளே இல்லை என்று சொல்ல ஆரம்பித்தாள். பையனுடைய துணிகள் மட்டும் அலமாரியின் மேல்தட்டில் இருந்தன. வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்து உதறி, புது உருண்டை போட்டு, மறுபடியும் வைப்பாள். அழுவதெல்லாம் இல்லை. கடைத் துணிக்குச் செய்கிற வேலையைத்தான் அதற்கும் செய்தாள்.

சின்னவளுக்குப் பையன் பிறந்ததும் அந்த மேல்தட்டைக் காலி செய்தாள். பாதித் துணி உடம்பில் படாத துணி. உருண்டையிலிருந்து எடுத்ததைத் துவைக்கக் கூடாது, காற்றில் உதறிப் போட்டு மேலே சூடாக ஓர் இஸ்திரி போட்டால் வாசனை ஓடிவிடும் என்பது முதலாளி வகுத்த சட்டம். அதன்படியே செய்தாள். முகர்ந்து பார்த்தாள், அவள் மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. கத்தி மடிப்பு மடித்துக் கொண்டுபோய்த் தங்கை மடியில் வைத்தபோது சின்னவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தத் துணி எது, அதைக் கொடுப்பது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாதா? லிப்ட்காரர்தான் ஒரு சட்டையை எடுத்து, ஏதோ வாசனை வருகிறதே என்று இழுத்தார். சின்னவள் அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளி, அது அக்கா வாசனை என்று சொன்னாள். பொய்யுமில்லை. சின்ன வயசில் வேலை முடிந்து வரும் அக்காவைக் கட்டிப்பிடித்தால் வரும் வாசனை அதுதான். அந்த வாசனை வந்தால் அக்கா வந்துவிட்டாள், இனிப் பயமில்லை என்றுதான் அவளுக்கு அர்த்தம்.

குழந்தை மஞ்சளானதும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். துணியெல்லாம் கழற்றி நீல விளக்குக்கு அடியில் போட்டார்கள், ரத்தம் ஏற்றினார்கள். ஒரு வாரத்தில் நன்றாகத் தேறிவிட்டான். வீட்டுக்கு வருகிற நாளுக்காகப் பெரியவள் எல்லாத் துணியையும் திரும்ப இஸ்திரி போட்டு, தங்கை வீட்டு அலமாரியில் அடுக்கி, கரப்பான் வரக் கூடாதென்று தட்டின் மூலையில் புது உருண்டைகளையும் போட்டு வைத்தாள். வந்து மூன்றாம் நாளே குழந்தை வெளுத்தான். உதடும் உள்ளங்கையும் கழுவிய காகிதம் மாதிரி ஆகிவிட்டன, கண் மறுபடியும் மஞ்சள். ஈரத்துணியை மாற்றப் போன பெரியவள் அதில் டீ நிறத்தைப் பார்த்தாள். அந்த நிறத்தை அவளுக்குத் தெரியும். அந்த நிமிஷத்தில்தான் அவள் உள்ளே ஏதோ மரத்தது.

இரண்டாவது தடவை ரத்தம் ஏற்றிய அன்றைக்கு மத்தியானம் பெரிய டாக்டரம்மா வந்தார். நரைத்த முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தவர், நின்றுகொண்டே பேசுகிற பழக்கத்தை விட்டு அன்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அதைப் பார்த்ததுமே சின்னவள் குழந்தையின் பக்கம் நகர்ந்துகொண்டாள். டாக்டரம்மா நிதானமாக எடுத்துச் சொன்னார். ரத்தசோகை என்றால் இரும்புச்சத்துக் குறைவு என்று எல்லாரும் நினைக்கிறார்கள், எல்லாச் சோகையும் அப்படியில்லை. இவன் உடம்பில் ரத்தம் ஊறாமல் இல்லை, ஊறிய ரத்தம் உடைகிறது. சிவப்பணுவுக்குக் கவசம் மாதிரி ஒரு பொருள் உண்டு, சிலருக்குப் பிறவியிலேயே அது குறைவு. அம்மா உடம்பில் சத்தம் காட்டாமல் இருக்கும், பையனுக்கு வந்தால்தான் வேலையைக் காட்டும். அதுவும் சும்மா இருக்கும்வரை ஒன்றும் செய்யாது. ஒத்துக்கொள்ளாத சில பொருள்கள் பட்டால்தான் அணுக்கள் படபடவென்று உடைந்துபோகும். எனக்கு அந்தச் சந்தேகம்தான், ஆனால் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருப்பதாக வந்திருக்கிறது, என்றார்.

சரி என்று வந்தால் சரிதானே என்று கேட்டார் லிப்ட்காரர். அங்கேதான் சிக்கல் என்றார் டாக்டரம்மா. குறையுள்ள பழைய அணுக்களெல்லாம் உடைந்து போய்விட்டன. மிச்சம் இருப்பவை இப்போது பிறந்த இளசுகளும் இரவல் வாங்கிய ரத்தமும். அவற்றை விசாரித்தால் நல்ல சாட்சிதான் சொல்லும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் உண்மை தெரியும், அதுவரைக்கும் நீங்கள் சொல்வதை வைத்துத்தான் நான் முடிவு செய்ய வேண்டும், என்றார்.

"உங்க குடும்பத்துல ஆண் குழந்தை யாராவது இப்படி மஞ்சளாகி இறந்திருக்காங்களா?"

"இல்ல டாக்டர்," என்றாள் சின்னவள்.

"வீட்டுல அந்துருண்டை போடுவீங்களா? துணி வைக்கிற இடத்துல?"

பெரியவள் சுவரை ஒட்டி நின்றிருந்தாள். டாக்டரம்மாவுக்கு அவள் யார் என்றே தெரியாது.

"அதெல்லாம் எங்க வீட்டுல வாங்குறதே இல்ல டாக்டர்," என்றாள் சின்னவள். சொல்லிவிட்டு, கட்டிலில் கிடந்த துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். மடிக்கத் தெரியாத மடிப்பு, ஒரு முனை இங்கே ஒரு முனை அங்கே. அக்கா பக்கம் திரும்பவே இல்லை.

அப்படியானால் வேறு காரணம் தேட வேண்டும் என்று டாக்டரம்மா எழுந்தார். நாளைக்குக் காலையில் இடுப்பெலும்பில் ஊசி போட்டுக் கொஞ்சம் மஜ்ஜை எடுத்துப் பார்க்கலாம், ஒரு மாதக் குழந்தைக்குக் கஷ்டம்தான், வேறு வழி தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனபிறகு குழந்தை சிணுங்கியது. பெரியவள் பழக்கத்தில் கையை நீட்டினாள். சின்னவள் அவசரமாகத் தானே தூக்கிக்கொண்டு, நீ உட்காருக்கா, நின்னு நின்னு கால் வலிக்கும் என்றாள். குரலில் அவ்வளவு பாசம். நீட்டிய கையைப் பெரியவள் மெதுவாக மடக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, உன் வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்குக்கா, எங்க வீட்டுப் பக்கம் போக வேண்டாம், அவர் எல்லாம் பார்த்துக்கொள்வார் என்றும் சின்னவள் சொன்னாள்.

வெளியே வந்து நடந்தாள். பஸ் வந்தது, ஏறவில்லை. நடக்கிறோம் என்பதும் தெரியாமல் நடந்தாள். பன்னிரண்டு வருஷமாகப் பாலைச் சுமந்தவள் அவள். குழந்தை குடித்த பாலே குழந்தையைக் கொன்றது என்றால் எந்தத் தாய் தாங்குவாள்? அவள் தாங்கினாள், ஏனென்றால் பால் அவளைக் கேட்டு ஊறவில்லை. இப்போது டாக்டரம்மா வந்து, ஒரு கையால் பாலை எடுத்துவிட்டு இன்னொரு கையால் உருண்டையை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். உருண்டையை வைத்தது யார்? மூட்டையில் கையை விட்டு அள்ளியது யார்? மெத்தையைத் தூக்கி, குழந்தையின் முதுகு படுகிற இடமாகப் பார்த்து வைத்தது யார்? யோசித்துக்கொண்டே போனாள். இவ்வளவு யோசித்தும் நெஞ்சில் ஒன்றும் குத்தவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. துணியை அந்த வீட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். யாருக்கும் சொல்லாமல் எடுத்துக் கொண்டுபோய் எரித்துவிட்டால் குழந்தை பிழைத்துக்கொள்வான், தானும் பழையபடி பால் சேராதவளாகவே இருந்துவிடலாம். தங்கை வீட்டுச் சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. ஆனால் போய்ப் பார்த்தால் கதவு திறந்தே கிடந்தது. ஜன்னலெல்லாம் விரியத் திறந்து, மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. லிப்ட்காரர் பேண்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார், கையில் ஈரத் துணி, பக்கத்தில் சோப்புத் தண்ணீர் வாளி. அலமாரி துடைத்துவிட்டது போல என்பார்கள், நிஜமாகவே துடைத்துத்தான் விட்டிருந்தார். ஒரு துணி இல்லை. பால்கனியில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பை, வாயைச் சுருட்டி இரண்டு முடிச்சுப் போட்டுக் கிடந்தது. பையின் பக்கவாட்டில் சின்ன மஞ்சள் தொப்பியின் நுனி தெரிந்தது.

அவளைப் பார்த்ததும் மனுஷனுக்குக் கை ஓடவில்லை.

"கரப்பான் தொல்லைக்கா," என்றார். "அதான்."

"சரி தம்பி," என்றாள்.

அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார். அவளும் கேட்காமல் குடித்தாள். அவர் ஓர் ஆறுதலும் சொல்லவில்லை, சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்குமே. நேற்று எந்த லிப்டில் யார் மாட்டிக்கொண்டார்கள் என்று ஒரு கதை சொன்னார். முடிக்கத் தெரியாமல் பாதியில் நிறுத்திவிட்டார். அவள் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினாள். படி இறங்கும்போது எல்லாம் விளங்கிவிட்டது. டாக்டரம்மா சொன்ன மாத்திரத்தில் சின்னவளுக்குத் தெரிந்துவிட்டது. இந்தக் குழந்தைக்கு எதனால் வந்தது என்று மட்டுமில்லை, அந்தக் குழந்தை எதனால் போனது என்றும். அதனால்தான் இல்லை என்றாள். அக்காவுக்கு அது தெரியவே கூடாது என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாளைக்கு ஊசி போடுவதற்குள் சின்னவள் எப்படியாவது தனியாக டாக்டரிடம் சொல்லிவிடுவாள். சும்மா இருந்தால் போதும், தன் தலையில் ஒரு தூசியும் விழாது. சாகும்வரை ஒருத்தரும் அவளிடம் அதைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். எல்லாரும் அன்பாகவே இருப்பார்கள், குழந்தையை மட்டும் அவள் கையில் கொடுக்கும்போது ஒரு நொடி தயங்குவார்கள்.

மறுநாள் காலையில் அவள் வார்டுக்குப் போனபோது எலும்பு ஊசி போடும்வரை குழந்தைக்குப் பால் கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பசியில் அது வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்தது. சின்னவளுக்குக் கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. அக்காவைப் பார்த்ததும் முகத்தை ஒழுங்கு பண்ணிக்கொண்டாள். பெரியவள் பிளாஸ்க்கை மேஜையில் வைத்தாள்.

"கீழ போய் டீ வாங்கிட்டு வர்றியாக்கா? அவசரமில்ல, மெதுவா வா."

பிளாஸ்க் நிறைய டீ இருந்தது, மூடியைத் தாண்டி ஆவி வந்துகொண்டிருந்தது. இரண்டு பேருமே அதைப் பார்த்தார்கள். இது ஆறிப்போயிருக்கும் என்றாள் சின்னவள். பெரியவள் தலையை ஆட்டிவிட்டுக் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். எதிரில் பயிற்சி டாக்டர் பெண் ஒருத்தி காகிதம் செருகிய அட்டையோடு வார்டுக்குள் போனாள். லிப்ட் வந்து நின்று கதவைத் திறந்தது, உள்ளே யாருமில்லை. ஏறிக் கீழே போனால் ஆயிற்று. ஒரு டீயை வாங்கிக்கொண்டு, மெதுவாக, சொன்ன மாதிரியே மெதுவாக வந்தால் எல்லாம் முடிந்திருக்கும். கதவு மூடப் பார்த்தது. அவள் கை குறுக்கே போனது, மறுபடியும் திறந்தது. இப்படி இரண்டு மூன்று தடவை ஆன பிறகு அவள் கையை எடுத்துவிட்டாள். லிப்ட் அவளை விட்டுவிட்டுக் கீழே போயிற்று.

திரும்பி வந்து மறைப்புத் துணிக்கு வெளியே நின்றாள். உள்ளே சின்னவள் குரல் தாழ்ந்து கேட்டது. துணியில் உருண்டை இருந்தது டாக்டர், நேற்றே சொல்லியிருக்க வேண்டும், அக்கா பக்கத்தில் நின்றாள், அவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம், என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். பயிற்சிப் பெண் சரி சரி என்று கேட்டுக்கொண்டாள். இது பரம்பரையாக வருகிறதா என்று பார்க்கக் குடும்பத்தைப் படமாகப் போட வேண்டும், பெண் என்றால் வட்டம், ஆண் என்றால் கட்டம், உங்களுக்கு ஒரே அக்காதானே, இதோ வட்டம் என்று போட்டாள்.

"அக்காவுக்கு எத்தனை குழந்தைங்க?"

"அவளுக்கு இல்ல," என்றாள் சின்னவள், பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில்.

பெரியவள் துணியை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"இருந்தான்," என்றாள். "எனக்கு ஒரு பையன் இருந்தான்."

சின்னவள் முகம் பேயறைந்த மாதிரி ஆயிற்று. வேணாம்கா என்று எழுந்து கையைப் பிடிக்க வந்தாள். பெரியவள் கையை விடுவித்துக்கொண்டு, பயிற்சிப் பெண்ணைப் பார்த்தே பேசினாள். வாடகைக்குப் போன கோட்டு என்ன கறையோடு திரும்பி வந்தது என்று முதலாளிக்குச் சொல்வாளே, அதே குரல். துணியை என்னவாக வைத்திருந்தாள், மெத்தைக்குக் கீழே எத்தனை போட்டாள், எந்த நாளில் மஞ்சள் தெரிந்தது, ஈரத்துணியில் என்ன நிறம், கடைசியில் உடம்பு எப்படி வளைந்தது, ஒன்றையும் விடவில்லை. அதே துணியைத்தான் இவனுக்கும் போட்டேன், துவைக்கவில்லை, என்றாள். குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. கேட்டுக்கொண்டிருந்த பக்கத்துக் கட்டில்காரிதான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"என் பால் சேரலைன்னு சொன்னாங்க."

"பாலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா," என்றாள் பயிற்சிப் பெண், எழுதிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல்.

அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். பெரியவள் நின்ற இடத்திலேயே நின்றாள். இந்தச் சொல்லைக் கேட்டால் உள்ளே ஏதாவது உடையும், இல்லை கனமாவது குறையும் என்று நினைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. குழந்தை பசியில் கத்திக்கொண்டே இருந்தது.

பயிற்சிப் பெண் போய் டாக்டரம்மாவை அழைத்து வந்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெரியவளை முதல் தடவையாக முழுசாகப் பார்த்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார், உங்கள் அம்மாவுக்கு ஆண் குழந்தை ஏதாவது தவறியதா என்று. பெரியவளுக்குத் தெரியவில்லை. அம்மா எதையும் சொல்லாத வர்க்கம். டாக்டரம்மா குழந்தையின் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு ஊசி இப்போது வேண்டாம், முதலில் பாலைக் கொடுங்கள் என்றார். என்னென்ன மாத்திரை கொடுக்கக் கூடாது என்று எழுதித் தருவதாகவும், அந்த உருண்டை இவன் இருக்கும் பக்கமே வரக் கூடாது என்றும், அது உள்ள இடத்தில் வேலை செய்கிறவர்கள் குளித்து உடை மாற்றிவிட்டுத்தான் தூக்க வேண்டும் என்றும் சொன்னார். கடைசியாகச் சொன்னதை யாரையும் பார்க்காமல் சொன்னார். அக்கா தங்கை இரண்டு பேருக்கும் ரத்தம் எடுக்க வேண்டும், நீ படத்தை முடித்துவிடு, என்று பயிற்சிப் பெண்ணிடம் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

சின்னவள் குழந்தையை மார்போடு அணைத்துப் பால் கொடுத்தாள். அழுகை நின்றதும் வார்டே திடீரென்று காலியானது போல இருந்தது.

"உனக்குத் தெரியாம இருந்தா நல்லதுன்னு நெனச்சேன்கா," என்றாள்.

"உன் வீட்டுக்காரர் அலமாரியத் துடைச்ச துடைப்புலயே தெரிஞ்சுபோச்சுடி."

சின்னவளுக்கு ஒரு நொடி சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் அழுகையாகிவிட்டது. அழுதுகொண்டே அக்காவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இரக்கம் மட்டும் இல்லை, கோபமும் இருந்தது, இரண்டு தடவை பிள்ளையைச் சாவு வரைக்கும் கொண்டுபோனவளைப் பார்க்கிற கோபம். இல்லாமல் எப்படி இருக்கும்? பெரியவள் அதையும் பார்த்துக்கொண்டாள். கட்டிலுக்கு இந்தப் பக்கம் வரவில்லை. கடைக்குப் போகிற உடுப்போடுதான் நின்றாள்.

பயிற்சிப் பெண் மேஜையில் அட்டையை வைத்துக் குனிந்தாள். மேலே அம்மாவுக்கு ஒரு வட்டம். அதிலிருந்து கீழே இறங்கிப் பிரிந்த கோட்டில் இரண்டு வட்டங்கள், பெரியவளும் சின்னவளும். சின்னவள் வட்டத்துக்குக் கீழே ஏற்கெனவே ஒரு கட்டம் தொங்கியது, அதைப் பாதி கறுப்பாக்கிப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தாள். பெரியவள் வட்டத்துக்குக் கீழே வெள்ளைக் காகிதம்தான் இருந்தது. பயிற்சிப் பெண் அங்கே ஒரு கோட்டை இழுத்தாள், கோட்டின் முனையில் கட்டம் போட்டாள். நாலு பக்கமும் நேராக வரவேண்டும் என்று அட்டையைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டு போட்டாள். பெரியவள் மேஜையருகே வந்து குனிந்து பார்த்தாள். பயிற்சிப் பெண் பேனாவைக் கட்டத்தின் மூலையில் வைத்தாள். அங்கிருந்து குறுக்கே ஒரு கோடு போட வேண்டும், அது இறந்தவர்களுக்குப் போடுகிற கோடு. பேனா நின்றது. அவள் நிமிர்ந்து பெரியவளைப் பார்த்தாள்.

"போடுங்கம்மா," என்றாள் பெரியவள். "இருந்தவனுக்குத்தான அதப் போடுவீங்க."

பேனா இறங்கியது. காகிதத்தில் இரண்டு கட்டங்களும் ஒரே வரிசையில், ஒரே அளவில், பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. மை இன்னும் காயவில்லை. பெரியவள் அதன் மேல் கை பட்டுவிடாமல், மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கோடு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.